பல்லாவரம் குழாயடி

சேத்துப்பட்டில் ஏறியதும் நாகரத்தினத்துக்கு சன்னலோர இடம் கிடைத்தது. அதுதான் வினையாகப் போயிற்று. நின்றுகொண்டே வந்திருந்தால் காலும் இடுப்பும் வலித்துப் புத்தியை விழிப்பாக வைத்திருக்கும். பெண்கள் பெட்டியில், காற்று முகத்தில் அடிக்கும்படி உட்கார்ந்த மாத்திரத்தில் எழுபதைத் தாண்டிய உடம்பு தொட்டிலில் போட்டதுபோல் ஆகிவிட்டது. தாம்பரம் வண்டி. திரிசூலத்தில் இறங்க வேண்டும், சுரங்கப்பாதையில் சாலையைக் கடக்க வேண்டும், உள்நாட்டு விமானங்கள் வரும் வாசலில் போய் நிற்க வேண்டும், மும்பையிலிருந்து வரும் தங்கை பூரணியைக் கையைப் பிடித்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ள என்றுதான் பூரணியின் மகன் கௌதமன் ஃபோனில் சொன்னான். நீங்க வாங்கிக்கிட்டதும் எனக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க பெரியம்மா என்றான். ஒரு பார்சலைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது, ஆனால் அவன் குரல் தழுதழுத்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த மாதம் அவன் கனடா போகிறான். அம்மாவை அங்கே கொண்டுபோக வழியில்லை. அம்மாவுக்கு நடப்பு மறந்துபோகிறது, சில சமயம் ஆளை மாத்திடறாங்க பெரியம்மா. இந்த வாக்கியம் ஒரு வாரமாக நாகரத்தினத்தின் காதுக்குள் ஈபோல் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளை மாற்றுவது என்றால் என்ன. யாரை யாராக. என்னைப் பார்த்து யார் என்று நினைப்பாள். நுங்கம்பாக்கம் வந்து போயிற்று. எதிரில் ஒருத்தி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையின் பச்சை வாசனையும் தண்டவாளத்திலிருந்து எழும் இரும்பு வாசனையும் கலந்து ஒரே வாசனையாக வந்தது, இந்த வாசனைக்கு ஒரு பெயர் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள், பூரணி இருந்தால் ஏதாவது பெயர் வைத்திருப்பாள், சின்ன வயதில் அவள் எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பவள், இந்த வண்டிக்குக்கூட ஆட்டுக்குட்டி என்று பெயர் வைத்திருந்தாள். அப்போது மீட்டர்கேஜ். பெட்டி இப்போது இருப்பதைவிடக் குறுகல், ஆட்டமும் அதிகம், கிளம்பும்போது நிஜமாகவே ஓர் ஆட்டுக்குட்டி துள்ளுவதுபோல் துள்ளும்.

கோடம்பாக்கம் பாலத்துக்கு அடியில் வெளிச்சம் ஒரு கணம் அணைந்து மீண்டும் வந்தது. மேல்வீட்டு சரோஜினி காரில் போகச் சொன்னாள். மெட்ரோ ரயில் ஏர்போர்ட் வாசலிலேயே கொண்டுபோய் விடுமே என்றும் சொன்னாள். அதற்கு நாகரத்தினம் என்ன பதில் சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை, ஏதோ சொல்லி மழுப்பியிருப்பாள். உண்மையில் அவளுக்கு இந்தப் பாதையில் போக வேண்டும்போல் இருந்தது. பூரணி தன் பிள்ளையை மறக்கலாம், வயதான அக்காவை மறக்கலாம், இந்த வண்டியை மறக்க முடியுமா. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, அது சளியில்லை டி.பி. என்று தெரிந்து, தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்த பிறகு ஞாயிறுதோறும் அம்மா இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு இதே பாதையில்தான் போனாள். கையில் அடுக்குத் தூக்கு, அதில் இட்லி, மேல் அடுக்கில் எண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடி. பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். வேப்பமரத்தடியில் நிற்பார்கள், அப்பா தாழ்வாரத்தில் வந்து நின்று கையை ஆட்டுவார். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் வேலை முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வருவதுபோல் தங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தாழ்வாரத்துக்கு வருகிறார் என்றுதான் பூரணி நினைத்திருந்தாள். அப்பா பிழைத்து வந்துவிட்டார் என்பது வேறு விஷயம். பிழைத்து வந்து வெகுகாலம் இருந்தார், அம்மாவிடம் கோபம் வந்தால் மட்டும் வேண்டுமென்றே இருமுவார். இந்தத் தடத்தில் மின்சார வண்டி விட்ட புதிதில் அவர் சிறுவன். புகை இல்லாமல் வண்டி வந்து நின்றதைப் பார்த்த அவருடைய சித்தப்பா, எஞ்சின் பின்னால் வரும், அதுவரைக்கும் ஏறாதே என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டாராம். வண்டி போய்விட்டது. எஞ்சின் வரவேயில்லை. இதைச் சொல்லி அப்பா சிரிக்கும்போதெல்லாம் இருமல் வரும், அந்த இருமல் நிஜம். மாம்பலம். கூட்டம் இறங்கி, அதைவிடப் பெரிய கூட்டம் ஏறியது. ஒரு பெண்ணின் பூப்பந்து நாகரத்தினத்தின் கன்னத்தில் ஈரமாக உரசிவிட்டுப் போயிற்று.

சைதாப்பேட்டைப் பாலத்தில் வண்டியின் ஓசை மாறும். கீழே ஆறு என்றால் ஓசைக்குள் ஒரு வெற்றிடம் வரும். அந்த வெற்றிடம் வந்ததும் அம்மா, சொல்லுங்கடி என்பாள். இருவரும் சொல்வார்கள். கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம். பாட்டு மாதிரிச் சொல்ல வேண்டும், நடுவில் மூச்சு வாங்கக் கூடாது. பிறகு அம்மா சட்டத்தைக் கேட்பாள். அந்தச் சட்டம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையால் வந்தது. மீனம்பாக்கத்தில் வண்டி நின்றபோது, ஏரோப்ளேன் ஒன்று தலைக்கு மேலே வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கிற்று. அதைப் பார்க்க பூரணி பிளாட்பாரத்தில் குதித்துவிட்டாள். வண்டி கிளம்பிவிட்டது. அம்மாவும் நாகரத்தினமும் பல்லாவரத்தில் இறங்கினார்கள், அம்மா தலைவிரிகோலமாக எதிர்ப்பக்கம் ஓடி, திரும்பிப் போகும் வண்டியில் பெரியவளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினாள். அதே நேரத்தில் மீனம்பாக்கத்தில் ஒரு போர்ட்டர் அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தூக்கி அடுத்த தாம்பரம் வண்டியில் ஏற்றி, பல்லாவரத்தில் உங்கம்மா நிப்பா என்று சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு வண்டிகளும் நடுவழியில் ஒன்றையொன்று கடந்தன. எதிர் வண்டியின் சன்னலில் பூரணியின் முகம் போனதை நாகரத்தினம் பார்த்தாள். பார்த்தேன் என்று அம்மாவிடம் சொன்னாள், அம்மா நம்பவில்லை. அப்புறம் இவர்கள் அங்கே, அவள் இங்கே, இவர்கள் இங்கே, அவள் அங்கே என்று மத்தியானம் வரைக்கும் வண்டி மாற்றி வண்டி ஏறி, கடைசியில் பல்லாவரம் குழாயடியில் மூன்று பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டபோது இட்லி ஆறிக் காய்ந்துபோயிருந்தது. அப்பா அதைச் சாப்பிட்டார். அன்றைக்கே அம்மா சட்டம் போட்டாள். வண்டியில பிரிஞ்சுட்டா, முன்னாடி போனவ அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். பின்னாடி விடுபட்டவ அடுத்த வண்டியில வரணும். நிக்கறவ நகரக்கூடாது. வர்றவ வந்து கையைத் தொட்டாத்தான் குழாய்லேர்ந்து கையை எடுக்கணும். எல்லா ஸ்டேஷனிலும் குழாய் இருந்த காலம் அது. பிறகு எத்தனையோ ஞாயிறுகளில் அந்தச் சட்டத்தை ஒப்பித்தார்கள், ஒருமுறைகூட அது தேவைப்படவில்லை.

கிண்டியில் பெட்டி மூச்சுமுட்டியது. கல்லூரிப் பெண்கள் ஒரு கும்பலாக ஏறி, ஏறும்போதே யாரைப் பற்றியோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீரைக்காரி ஆய்ந்த கீரையைத் துணிப்பையில் அமுக்கிவிட்டு, முறத்தை வெளியே நீட்டி காம்புகளைத் தட்டினாள். ஏர்போர்ட்டுக்காம்மா என்று அவளாகவே கேட்டாள். எப்படித் தெரிந்தது என்று நாகரத்தினம் கேட்டதற்கு, புதுப் புடவை, பெட்டி இல்லை, முகத்தில் கவலை, அப்போ கூட்டியாரப் போறவங்கதான் என்றாள். யாரைக் கூட்டிவர என்று கேட்டாள். தங்கச்சியை என்றாள் நாகரத்தினம். சொன்ன பிறகு அந்தச் சொல் வாயிலேயே கொஞ்சநேரம் தங்கியது. தங்கச்சிக்கு நரை. தங்கச்சிக்கு முட்டிவலி. தங்கச்சி தன் வீட்டுக் குளியலறைக்கு வழி தெரியாமல் கூடத்தில் நின்று அழுதாள் என்று கௌதமன் சொன்னான். என் வீட்டில் மாடிப்படி இருக்கிறது, கைப்பிடிக் கம்பி ஒரு பக்கம்தான் இருக்கிறது, நான் தூங்கும்போது அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டால் எனக்கு எப்படித் தெரியும், எனக்கே காது சரியாகக் கேட்கிறதில்லை. காது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாழ்நாளெல்லாம் உழைத்த காது. லைனிலேயே இருங்கள், லைனிலேயே இருங்கள் என்று ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேரிடம் சொன்ன வாய். கல்யாணம் ஆகி பம்பாய் போன பூரணிக்கு ட்ரங்க் கால் போட்டு, வேலை நேரத்தில் மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் அவளைப் பேசவைத்திருக்கிறாள், லைனிலேயே இருடீ என்று. பூரணி இருப்பாள். எத்தனை நேரமானாலும் மூச்சுச் சத்தம் கேட்கும். அவளுடைய மூச்சு எனக்குத் தெரியும். முகத்தை மாற்றிவிட்டாலும் மூச்சை மாற்ற முடியாது, ஆனால் அவள் என் மூச்சைக் கேட்டதுண்டா, நான்தான் எப்போதும் பேசிக்கொண்டே இருந்தேனே. அவளைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது. பூரணி என்று கூப்பிட வேண்டும். அவள் திரும்பி, நீங்க யாரு என்று கேட்டால். அங்கே, அத்தனை ஜனத்துக்கு நடுவில், பெட்டிகளை உருட்டிக்கொண்டு போகிறவர்கள் பார்க்கும்படி, நீங்க யாரு என்று கேட்டால் நான் எந்தப் பதிலைச் சொல்வேன். பரங்கிமலை தாண்டிவிட்டது, எப்போது தாண்டியது. பழவந்தாங்கலில் கீரைக்காரி முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"மெய் மறந்து குந்திக்கினே கீறியேம்மா. இதுக்கப்பால ரெண்டாவது. தூங்கிடாத" என்றாள்.

நாகரத்தினம் தலையை ஆட்டினாள். ரெண்டாவது. மனசு அதை வாங்கிக்கொண்டதா இல்லையா என்பது அவளுக்கே சந்தேகம். வண்டி கிளம்பியதும் விமானம் ஒன்று மிகத் தாழ்வாக, வீட்டு மொட்டைமாடிகளில் காயும் துணிகளைத் தொட்டுவிடும்போல் இறங்கியது. கல்லூரிப் பெண்களில் ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நாகரத்தினம் பார்த்தாள். அதன் வயிறு வெள்ளையாக, மீன் வயிறுபோல் இருந்தது. மீன் வயிறு என்று பெயர் வைத்ததும் பூரணிதான். அதனால்தான் மீனம்பாக்கம் என்று வேறு சொல்வாள். இதற்குள் அவள் இருக்கிறாளோ, இப்போது என் தலைக்கு மேல்தான் போகிறாளோ, வண்டி ஓட்டத்தில் ஒருவரையொருவர் கடக்கிறோமோ, மறுபடியும். மீனம்பாக்கம் வந்தது, பெண்கள் சிரிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மொத்தமாக இறங்கிப் போனார்கள், பெட்டி சட்டென்று ஒரு கூடம்போல் விரிந்து அமைதியாயிற்று. இனி என்ன. மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம். காற்று இன்னும் ஈரமாக வந்தது. அம்மாவின் புடவையில் தூக்கின் எண்ணெய்க் கறை. பூரணியின் தலை தன் தோளில் கனமாக. சாலை கூடவே ஓடிவந்தது, அதற்கப்பால் கண்ணாடியும் இரும்புமாகப் பெரிய கட்டடம், இந்தப் பக்கம் பாதி உடைத்து எடுக்கப்பட்ட குன்று. வண்டி வேகம் குறைந்து நின்றது. சிக்னலாக இருக்கும் என்று நினைத்தாள். மீனம்பாக்கத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் வேறு எதற்கு நிற்கப் போகிறது. சிலர் இறங்கினார்கள், இரண்டு பேர் பெட்டியோடு ஏறினார்கள், சிக்னலில் இப்படி இறங்கி ஏறினால் கார்டு திட்டமாட்டாரோ என்றுகூட நினைத்தாள். விமான நிலையத்துக்கு எதிரிலேயே ஒரு நிறுத்தம் வேண்டும், ஜனங்கள் மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கிறார்கள் என்று பல காலம் பேசி, பிற்பாடு கட்டிய நிலையம் இது. அது வந்தபோது பூரணி பம்பாயில் இருந்தாள், நாகரத்தினம் தினமும் நேர் எதிர்த்திசையில், கடற்கரை ஸ்டேஷன் பக்கத்து எக்ஸ்சேஞ்சுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒன்றிரண்டு முறை இங்கே இறங்கியிருக்கிறாள், அப்போதெல்லாம் கூட வந்தவர்கள், எழுந்திரு என்று சொல்லியிருக்கிறார்கள். சின்ன வயதில் ஒப்பித்த பாட்டில் இல்லாத ஊர் மனசில் ஏறவில்லை. வண்டி அசைந்து நகர்ந்த பிறகுதான் மஞ்சள் பலகை சன்னலுக்குள் வந்தது. திரிசூலம். பலகைக்குக் கீழே ஒரு சிமெண்டு இருக்கை. இருக்கையில், நீலச் சால்வை போர்த்திக்கொண்டு, மடியில் கைப்பையைக் கோழிபோல் அணைத்துக்கொண்டு பூரணி உட்கார்ந்திருந்தாள்.

கத்தினாளா இல்லையா என்று தெரியவில்லை. வாய் திறந்தது. சன்னல் கம்பியில் கன்னம் அழுந்தியது. பூரணி தலையைத் தூக்கி, நகர்ந்து போகும் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், பார்வை நாகரத்தினத்தின் மேல் வந்தது, எல்லாச் சன்னலையும் பார்ப்பதுபோல் பார்த்தது, கடந்து போயிற்று. அவ்வளவுதான். எதிரில் புதிதாக உட்கார்ந்தவள், இன்னாச்சும்மா, ஸ்டேஷன் விட்டுட்டியா, அடுத்ததுல எறங்கித் திரும்பிப் போயிக்கோ என்றாள். ஊர் முழுக்கச் செய்கிற காரியம்தான் அது. பல்லாவரத்தில் இறங்கியபோது கால் தரையில் படவில்லை. அவள் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், யார் அவளை வெளியே விட்டது, சாலையை எப்படிக் கடந்தாள், சுரங்கப்பாதையில் எப்படி இறங்கி ஏறினாள். கைப்பேசி அடித்தது. கௌதமன். விமானம் முன்னதாகவே வந்துவிட்டது என்றான். சக்கர நாற்காலி தள்ளியவரிடம் பேசினேன், வாசலில் யாரையோ காட்டி அதோ எங்கக்கா என்று எழுந்து போனாங்களாம், நீங்கதானே, சேர்ந்துட்டீங்கதானே என்றான். அதோ எங்கக்கா. யாரைப் பார்த்துச் சொன்னாளோ. எந்தப் பெண்ணின் பின்னால் நடந்துபோய், எந்த முதுகை நம்பிப் படியிறங்கி, இந்த ரயில் வாசனையைக் கண்டு உட்கார்ந்தாளோ.

"வந்துக்கிட்டிருக்காப்பா" என்றாள் நாகரத்தினம். "லைனை வை. அப்புறம் கூப்பிடறேன்."

எதிர்ப்பக்கம் கடற்கரை வண்டி வருவதாக ஒலிபெருக்கி சொன்னது. படியேறி இறங்கினால் பிடித்துவிடலாம். பிடித்தால் உடனே அங்கே. அவள் அந்த இருக்கையிலேயே இருந்தால் கையைப் பிடித்துவிடலாம், எல்லாம் முடிந்தது. புத்தியுள்ள எவரும் அதைத்தான் செய்வார்கள். அம்மாவும் அன்றைக்கு அதைத்தான் செய்தாள். நாகரத்தினம் படிவரை நடந்தாள். முதல் படியில் கால் வைத்து நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்து பார்க்கவில்லை, ஆனாலும் பார்த்தாள். ஒருவேளை, ஓடும் வண்டியிலிருந்து ஒரு முகம் தன்னைப் பார்த்துக் கத்திக்கொண்டு போவதை அவள் எங்கோ ஏற்கெனவே பார்த்திருக்கிறாள் என்பது மட்டும் அவளுக்குத் தட்டுப்பட்டிருந்தால். அவள் எழுந்து அடுத்த வண்டியில் ஏறினால். நான் இதில் போக, அவள் அதில் வர, நடுவில் கடந்து, அவள் இங்கே இறங்கி யாருமில்லை என்று கண்டால். அன்றைக்கு அவளுக்குத் திரும்பத் திரும்ப வண்டி ஏற்றிவிட ஒரு போர்ட்டர் இருந்தார், அழத் தெரிந்த குழந்தையாக இருந்தாள். இன்றைக்கு அவள் தாம்பரம் போவாள், செங்கல்பட்டு போவாள், எங்கே தூங்கிப்போகிறாளோ அங்கே இறங்குவாள். ஆனால் அவள் எதையும் நினைக்காமல் அங்கேயே இருந்தால், எவனாவது வந்து, வாங்கம்மா நான் கூட்டிப்போறேன் என்றால், அதோ எங்கண்ணா என்று போய்விடுவாளே. கடற்கரை வண்டி வந்து நின்றது. அதன் கதவுகளில் ஆட்கள் தொங்கினார்கள். நாகரத்தினத்தின் கால் படியில் இருந்தது. கிளம்பிற்று. அது போவதைப் பார்த்தாள், தானே தன்னை அதில் ஏற்றி அனுப்பிவிட்டதுபோல் இருந்தது. பிறகு திரும்பி வந்தாள். பழைய குழாய் போய் வெகுகாலம் ஆகிவிட்டது, அந்த இடத்தில் ஓடு பதித்த தொட்டியும் வரிசையாகக் குழாய்களும் இருந்தன. ஓரக் குழாயில் கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. திருகு சரியாக மூடவில்லை, விரல் வழியாக நீர் சொட்டி மணிக்கட்டில் இறங்கிப் புதுப் புடவையை நனைத்தது. ஒரு தாம்பரம் வண்டி வந்தது. மகளிர் பெட்டியிலிருந்து இறங்கிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இல்லை. பிளாட்பாரம் காலியாயிற்று. தண்ணீர் குடிக்க வந்த ஒருவர், அந்தக் குழாயில வராதுங்கம்மா, பக்கத்துல பிடிங்க என்றார். பரவாயில்லை என்றாள். நான் ஒரு கிழவி, மூளை குழம்பிய இன்னொரு கிழவிக்கு, செத்துப்போன அம்மா போட்ட சட்டம் ஞாபகம் இருக்கும் என்று நம்பி ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எங்கள் இருவரில் யாருக்கு மறதி என்று பார்க்கிறவன் யோசிக்க வேண்டியதுதான். நிக்கறவ நகரக்கூடாது. கை மரத்துப்போயிற்று. லைனிலேயே இருங்கள். எத்தனை பேர் இருந்திருப்பார்கள், எத்தனை பேர் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அந்தக் கணக்கை யாரும் எடுத்ததில்லை. இன்னொரு வண்டி வளைவில் தெரிந்தது. முதலில் விளக்கு, பிறகு முகப்பு, பிறகு தண்டவாளம் கிசுகிசுப்பது. வந்து நின்றது. இறங்கினார்கள். பூக்கூடை இறங்கியது, குழந்தை இறங்கியது, குழந்தையின் செருப்பைத் தேடிக்கொண்டு அதன் தாய் இறங்கினாள். கடைசியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைக் கீழே விட்டு ஆழம் பார்த்து, மறு காலையும் வைத்து, நீலச் சால்வை இறங்கியது.

பூரணி பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். நேராகக் குழாய்களை நோக்கி வந்தாள். நடை அம்மாவின் நடை. நாகரத்தினம் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பூரணி அருகில் வந்து, அவள் முகத்தைத் தாண்டி அவளுக்குப் பின்னால் பார்த்தாள், தொட்டிக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள், பிறகு மரியாதையாகக் கேட்டாள்.

"இங்க ஒரு பொண்ணு நின்னுச்சாங்க? ரெட்டைப் பின்னல். எங்கக்கா. இங்கதான் நிப்பா."

ஒரு வாரமாகத் தேடிவைத்த எந்தப் பதிலும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. நின்னா, என்றாள் நாகரத்தினம். பூரணி அந்தப் பதிலை ஒரு குழந்தையைப்போல் அப்படியே ஏற்றுக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு கேட்டது, மெல்லிய, கொஞ்சம் மூக்கடைத்த, பம்பாயிலிருந்து கம்பிவழியாக வந்துகொண்டிருந்த அதே மூச்சு. பிறகு அவள் பார்வை இறங்கி, குழாயின்மேல் இருந்த கையில் நின்றது. ஈரத்தில் ஊறி வெளுத்து, விடாமல் பிடித்திருந்த கை. அதை வெகுநேரம் பார்த்தாள். கைப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை நீட்டி, நாகரத்தினத்தின் விரல்களின்மேல் வைத்தாள்.

"இப்ப எடுத்துக்கலாம்" என்றாள் பூரணி. "வந்துட்டேன்ல."

விரல்கள் மரத்துப்போயிருந்ததால் உடனே எடுக்க வரவில்லை. பூரணிதான் ஒவ்வொரு விரலாகக் குழாயிலிருந்து பிரித்து, சால்வை நுனியால் துடைத்துவிட்டாள். துடைத்த கையை விட்டுவிடாமல் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். தண்டவாளம் போகும் தெற்குத் திசையைப் பார்த்து, அப்பாவுக்கு இட்லி ஆறிப்போயிருக்கும் என்று கவலைப்பட்டாள்.

"ஆறினாலும் சாப்பிடுவார்டி" என்றாள் நாகரத்தினம்.

எதிர்ப் பிளாட்பாரத்துக்கு இன்னொரு கடற்கரை வண்டி வருவதாக ஒலிபெருக்கி சொல்லத் தொடங்கியது. இருவருக்கும் அவசரமில்லை. முட்டிவலிக்காரர்கள் இருவர், கைப்பிடிக் கம்பி இருந்த பக்கமாகப் பார்த்து, படியேறத் தொடங்கினார்கள்.